டிபன் டப்பாவும் வலது கால் கட்டையும்

வீட்டில் சிஎன்சி மெஷின் வைத்து மரம் செதுக்குகிறவனுக்கு உலகம் தட்டையானது என்பதில் சந்தேகமே கிடையாது. பூஜை அறைக் கதவா, பெயர்ப் பலகையா, கொண்டு வாருங்கள். மெஷின் இடம் வலம் போகும், முன்னே பின்னே போகும், மேலே கீழே இறங்கும். கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே பலகையில் செதுக்கி வைத்துவிடும். ஆனால் யாராவது உருண்டையான சாமான் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் ஆள் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடத் தோன்றும். மெஷினுக்கு மரத்தின் மேல்பக்கம்தான் தெரியும். மரத்துக்கு மறுபக்கம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மெஷின் ரிப்பேர் பார்த்தவன். வெளியே வந்ததும் பைக் நிறுத்தும் ஷெட்டில் இந்த மெஷினைப் போட்டேன். பைக் இப்போது தெருவில் வெயிலில் நிற்கிறது. இதே மாதிரி பைக்கைத் தெருவில் விட்டுவிட்டு மெஷினுக்குக் கூரை கொடுத்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பீர்கள். மரத்தைச் சுற்ற வைக்க நான் ஒரு பெட்டி கட்டிய கதையை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்களும் கட்டலாம். நான் பட்டதை நீங்களும் படலாம்.

பதினைந்து வருஷம்

மஞ்சுளா எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது அவள் வேலை. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் இளைத்துப்போனது. பாதம் மற்றதைவிட இரண்டு சைஸ் சிறியது, முன்பாதி உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். தையல் பிரிவில் உட்கார்ந்தே வேலை என்பதால் ரப்பர் செருப்பு போதும். அதுவும் கழன்று போகாமல் இருக்க, பின்னால் ஒரு எலாஸ்டிக்கைத் தானே தைத்து வைத்திருந்தாள்.

அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. மஞ்சுளாவின் பெயர் முதலில் வந்தது. அங்கே சூடான அச்சுகளும் அழுத்தும் மெஷின்களும் இருக்கின்றன. தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். மூடிய ஷூ இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. யாருக்கும் விலக்கு கிடையாது. நியாயமான சட்டம்தான். ஆயுத பூஜை முடிந்து வரும் திங்கட்கிழமை ஷூவோடு வந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு. கம்பெனி கொடுக்கும் ஷூவில் இரண்டு காலும் ஒரே சைஸ். அதில் அவள் வலது கால் நிற்காது.

ஷூ செய்ய முதலில் கால் வடிவத்தில் ஒரு கட்டை வேண்டும். கம்பெனியில் அதை லாஸ்ட் என்பார்கள். அதன்மேல் தோலை இழுத்து ஒட்டி, காய்ந்த பிறகு கழற்றி எடுப்பதுதான் ஷூ. மஞ்சுளாவின் காலுக்கான கட்டை எந்தக் கம்பெனி அலமாரியிலும் கிடையாது. என்னிடம் மெஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கெடுவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என் மெஷின் உருண்டையாக எதையும் செய்யாது என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது சொன்னாள்: "பதினஞ்சு வருஷமா ஷூ தைக்கிறேண்ணா. ஒரு நாள் கூட போட்டுப் பாத்ததில்ல."

மூன்று மோட்டார்

அன்வர் பாய் அதே கம்பெனியில் சாம்பிள் ஷூ செய்கிறவர். என் தோஸ்த். சாதாரண கட்டையின் மேல் தோல் துண்டுகளை ஒட்டி, அகலமான காலுக்கு அவர் கட்டை தயார் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சுளாவுக்கும் அப்படியே செய்துவிடலாமே என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். ஒட்டிப் பெரிதாக்கலாம், உள்ளே திரும்பின காலுக்கு எங்கே ஒட்டுவது என்று கேட்டார். கட்டையை நீ கொண்டு வா, ஷூவை நான் போட்டுத் தருகிறேன் என்றார். மேல்பாகத்தை மஞ்சுளாவே தைத்துக்கொள்வாள். ஆக மூன்று பேரில் இரண்டு பேருக்கு வேலை தெரியும். பாக்கி நான்.

மெஷினை விற்ற டீலருக்கு போன் போட்டேன். மரத்தை இரண்டு முனையிலும் பிடித்துத் திருப்ப ஒரு நாலாவது மோட்டார் மாட்ட வேண்டும் என்றேன். உங்கள் மெஷினின் கன்ட்ரோல் கார்டில் மூன்று மோட்டாருக்குத்தான் வழி இருக்கிறது என்றார் அவர். அது எனக்கும் தெரியும். வேறு வழி உண்டா என்பதுதான் என் கேள்வி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நல்ல யோசனை சொல்கிறவரின் குரலில் சொன்னார்: "சிம்பிள் சார். மெஷினையே மாத்திடுங்க."

டப்பா

மெஷினை மாற்றுகிறவனாக இருந்தால் பைக் ஏன் தெருவில் நிற்கிறது? தனியாக ஒரு பெட்டி கட்டுவது என்று முடிவு செய்தேன். யோசனை இதுதான். மெஷின் மரத்தின் மேலே நீளவாக்கில் ஒரு தடவை செதுக்கிக்கொண்டு போகும். கடைசியில் அங்கே நான் வைத்திருக்கும் ஒரு சின்ன சுவிட்சை இடித்துவிட்டு நிற்கும். சுவிட்ச் இடிபட்டதும் பெட்டி மரத்தை இரண்டு டிகிரி திருப்பும். மெஷின் திரும்பி வந்து அடுத்த கோட்டைச் செதுக்கும். நூற்றெண்பது தடவை இப்படி நடந்தால் மரம் ஒரு சுற்று சுற்றியிருக்கும், கட்டை தயார். மெஷினுக்கும் பெட்டிக்கும் இடையில் வேறு பேச்சே இல்லை. ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி, கதவைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே குடும்பம் நடத்துவது மாதிரி.

மரத்தைக் கவ்வும் சக் ராணிப்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. பல் பெல்ட் ஒரு செத்த தையல் மெஷினுடையது. மோட்டாரும் சின்ன கம்ப்யூட்டர் போர்டும் கூரியரில் வந்தன. போர்டை வைக்கப் பெட்டி தேடினேன். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் குறையில்லாமல் இருப்பது அட்டை ஷூ பெட்டி. அதில் வைத்தேன், ஜோராக வேலை செய்தது. செதுக்கும் மோட்டாரை ஓட விட்டதும் பைத்தியம் பிடித்தது. யாரும் சுவிட்சைத் தொடாமலே மரம் தானாகத் திரும்பியது. ஒரு தடவை திரும்ப வேண்டிய இடத்தில் மூன்று தடவை திரும்பியது. இரண்டு நாள் நிரலைத் திருத்தினேன். தப்பு அங்கே இல்லை. பெரிய மோட்டாரின் மின் இரைச்சல் அட்டைக்குள் தாராளமாகப் புகுந்து போர்டைக் குழப்பிக்கொண்டிருந்தது. இதற்கு மருந்து உலோகப் பெட்டி, அதற்கு ஒரு எர்த் ஒயர்.

என் மனைவி கலாவின் எவர்சில்வர் டிபன் டப்பா அளவில் கச்சிதமாக இருந்தது. பக்கத்தில் நாலு ஓட்டை போட்டு, மூடியில் பட்டன்களை வைத்து, எர்த் ஒயரைத் திருகினேன். மரம் அதன் பிறகு சொன்ன பேச்சைக் கேட்டது. மதியம் சாப்பாட்டுக்கு டப்பாவைத் தேடிக்கொண்டு கலா ஷெட்டுக்கு வந்தாள். ஓட்டைகளைப் பார்த்தாள். பச்சை ஒயரைக் கையில் எடுத்து அது எங்கே போகிறது என்று சுவர் வரைக்கும் பார்த்தாள். "பத்து வருஷம் எலுமிச்சை சாதம் எடுத்துட்டுப் போனேன். அப்பல்லாம் இதுக்கு எர்த் கேக்கலையே."

ஏழாவது காடி

புதிதாகக் கட்டியதை நேரடியாக மஞ்சுளாவின் கட்டையில் சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போது குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் ஒருவர் கட்டில் கால் கேட்டிருந்தார். நாலு கால், ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஏழு காடி, அதாவது பள்ளமாகச் செதுக்கிய கோடு. எட்டு என்றால் எனக்குச் சுலபம். அவருக்கு ஏழுதான் ராசி. 360-ஐ ஏழால் வகுத்தால் ஐம்பத்தொன்றும் சில்லறையும் வரும். என் டப்பாவுக்குச் சில்லறை தெரியாது, முழு எண்தான் வாங்கும். ஐம்பத்தொன்று என்று போட்டேன். ஏழு தடவை சேர்த்தால் மூன்று டிகிரி விட்டுப்போகும். கட்டில் காலில் அது இரண்டு மில்லிமீட்டர். யார் கட்டிலுக்கு அடியில் குனிந்து அளக்கப் போகிறார்கள்?

அவர் அளக்கவில்லை. வாழ்நாள் முழுக்க லுங்கிக் கட்டத்தைப் பார்த்தே பழகிய கண். ஒரு காலைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக உருட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. நான் அந்த நேரம் பார்த்து டீ சொல்லப் போனேன். திரும்பி வரும்போதும் விரல் அங்கேயே இருந்தது. "மாஸ்டர், இந்த ஒரு கட்டம் மட்டும் ரெண்டு இழை ஜாஸ்தி ஓடுது."

பார்க்க வந்தவர்

அதன் பிறகு டப்பாவுக்குச் சில்லறையும் கற்றுக்கொடுத்தேன். ஒவ்வொரு திருப்பத்தையும் முந்தைய இடத்திலிருந்து கணக்குப் போடாமல், ஆரம்பத்திலிருந்தே கணக்குப் போட வைத்தேன். அதனால் மிச்சம் சேராது. இதைச் செய்கிறவர்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். புதுக் கால்கள் நாலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டு சார் வந்தார். தபால் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுசாக ஒரு காலைப் பார்த்தார். மெஷின் செதுக்குகிறது, சுவிட்சை இடிக்கிறது, டப்பா திருப்புகிறது, மெஷின் திரும்பி வருகிறது. நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பாராட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் மெஷினைக் காட்டினார், டப்பாவைக் காட்டினார், பிறகு என்னைப் பார்த்தார். "அது செதுக்குது, இது திருப்புது. சரி, நீ இன்னா பண்றே?"

காலும் கட்டையும்

மஞ்சுளாவின் காலுக்கு மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்சு எடுத்தோம். அச்சில் சாந்து ஊற்றிப் பாதம் செய்து, அதைச் சுற்றிச் சுற்றி போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் வடிவமாக மாற்றினேன். முதல் முயற்சிக்கு மாங்கட்டை. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. முனைகளை அறுத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விரல் மடிப்பு வரைக்கும் அப்படியே வந்திருந்தது. நானே கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தவன் செய்யக் கூடாத தப்பு அது. நான் மெஷினைத்தான் பார்த்தேனே தவிர, மெஷினில் இருந்த கட்டையைப் பார்த்ததில்லை. நடக்கும்போது கால் முன்னால் நகரும், விரல் விரியும். அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் கட்டை செய்வார்கள். விரலுக்கு முன்னால் அரை அங்குலம், குதிகாலில் கொஞ்சம் இறுக்கம், மேலே ஒரு வளைவு. காலை அப்படியே காப்பியடித்து அதன்மேல் ஷூ போட்டால் பத்தடி நடப்பதற்குள் கொப்புளம் வரும். இதையெல்லாம் அன்வர் பாய் பிற்பாடு பென்சிலால் கோடு போட்டுச் சொன்னார். முதலில் கட்டையை வாங்கி, விரல் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டே வரிதான் பேசினார்: "சேகரு, இது காலு. நான் கேட்டது கட்டை."

வேப்பங்கிளை

பாய் சொன்னபடி வடிவத்தைத் திருத்த ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இந்தத் தடவை தேக்கு. ஒரு பழைய வாசற்கால் வாங்கியதில் பழுதில்லாத துண்டு மூன்றே தேறின. தோலை இழுத்து ஆணி அடிக்கும்போது மாங்கட்டை பிளக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். அதனால் இந்த மூன்றுதான் கையிருப்பு.

முதல் துண்டு நூற்று நாற்பதாவது கோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. தெருமுனையில் வேப்பங்கிளை ஒயர்மேல் விழுந்துவிட்டது. கரண்ட் இல்லாமல் மோட்டார் மரத்தைப் பிடிக்காது. மரம் தன் பாரத்தில் மெல்ல உருண்டு, தனக்குச் சௌகரியமான இடத்தில் நின்றுகொண்டது. டப்பாவுக்கு எத்தனையாவது கோடு என்பது மறந்துபோனது. மெஷினை நான் ஆரம்ப இடத்துக்குக் கொண்டு போக முடியும். டப்பாவுக்கு ஆரம்ப இடம் என்று ஒன்றை நான் வைக்கவே இல்லை. கண் மதிப்பில் திருப்பி வைத்து ஓட்டினேன். கட்டையின் பக்கத்தில் படி மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. துண்டு போச்சு. கிளையை வெட்டிக்கொண்டிருந்த லைன்மேனிடம், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அர்த்தமில்லாமல் சண்டைக்குப் போனேன். வேப்பமரம் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டா கிளையைப் போட்டது? அவர் ஏணியில் நின்றபடியே கேட்டார்: "பத்து நிமிசந்தானே சார்? அதுக்குள்ள உங்க கட்டை எழுந்து நடந்துடுமா?"

இரண்டாவது துண்டு

வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து டப்பாவுக்குத் தனி ஒயர் இழுத்தேன். சக்கில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, அங்கே ஒரு சுவிட்ச் வைத்து ஆரம்ப இடம் கொடுத்தேன். இதற்காக மோட்டார் ஒயர்களைக் கழற்றி மறுபடி பற்ற வைத்தேன். மிச்சமிருந்த கட்டில் கால் ஒன்றைப் போட்டுச் சோதித்ததில் எல்லாம் சரியாக இருந்தது. வியாழக்கிழமை காலை இரண்டாவது துண்டை ஏற்றினேன். மறுநாள் ஆயுத பூஜை, திங்கட்கிழமை கெடு. மேல்பாகத்தை மஞ்சுளா தைத்து முடித்துவிட்டாள். இடது காலுக்குச் சாதாரண கட்டை போதும் என்பதால் அந்த ஷூவும் ரெடி. கட்டை இறங்கியது. ஒரு குறை இல்லை. குதிகாலின் வளைவைப் பார்த்தபோது இந்த வேலையை ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் அன்வர் பாய் வந்தார். கட்டையை வாங்கினார். அடிப்பக்கத்தைப் பார்த்தார், கண்ணுக்கு நேராகப் பிடித்து முன்னால் பின்னால் பார்த்தார். கட்டையைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த மஞ்சுளா எழுந்து நின்றாள். பாய் கட்டையைத் தலைகீழாகத் திருப்பினார், மறுபடி நிமிர்த்தினார். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. நாலு ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் பற்ற வைத்திருக்கிறேன். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. கட்டில் காலுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான், அதில் தெரியாது. காலுக்கு அப்படி இல்லை. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடம் வலம் மாறி, மஞ்சுளாவின் வலது கால் அச்சு அசலாக இடது காலாக வந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் பாய் கேட்டார்: "வேலை சூப்பரு. யாரோட லெஃப்ட் காலு இது?"

பூஜை நேரம்

ஒயரை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து விடியும் வரை ஒட்டுமொத்தத் தெருவுக்கும் கரண்ட் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். இன்வெர்ட்டர் டப்பாவை ஓட்டும், செதுக்கும் மோட்டாரை ஓட்டாது. தோல் கட்டையின் மேல் குறைந்தது இரண்டு நாள் இருந்தால்தான் வடிவம் நிற்கும் என்பது பாயின் கணக்கு. வெள்ளிக்கிழமை பகலில் கட்டை இறங்கினால் ஞாயிறு சாயங்காலம் ஷூ வரும். சனிக்கிழமை இறங்கினால் வராது. வெள்ளிக்கிழமையோ ஆயுத பூஜை. அன்றைக்கு மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால் மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. கம்பெனியில் இருந்த வருஷமெல்லாம் நானே ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட அன்று தொட்டதில்லை. கலா இந்த விஷயத்தில் என்னைவிடக் கண்டிப்பு. மஞ்சுளா அந்த இடது கால் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூஜையன்று ஓட்டச் சொல்லி அவள் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காலையில் ஷெட்டுக்குப் போனேன். வாசலில் வாழைக்கன்று, தட்டில் பொரி, சுண்டல், பூசணிக்காய், கிண்ணத்தில் கரைத்த சந்தனம் எல்லாம் தயார். பூஜை பத்து மணிக்கு என்று பக்கத்து வீடுகளுக்கும் சொல்லியாகிவிட்டது. கலா சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் முன்னால் நின்றாள், டப்பாவைப் பார்த்தாள், மூலையில் இருந்த மூன்றாவது தேக்குத் துண்டைப் பார்த்தாள். கிண்ணத்தை ஜன்னலில் வைத்து ஒரு தட்டால் மூடினாள். பத்து மணிக்கு வந்தவர்களைச் சாயங்காலம் வரச் சொன்னாள். காரணம் கேட்டவர்களிடம் நல்ல நேரம் மாறிவிட்டது என்றாள். நான் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஐந்து தடவை பார்த்துவிட்டு மெஷினை ஓட விட்டேன். அதன் பிறகும் ஒவ்வொரு கோட்டுக்கும் பார்த்தேன். மூன்று மணி நேரம் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஜும்மா தொழுகை முடித்துத் தொப்பியோடு வந்து நின்ற அன்வர் பாயின் கையில் கட்டையைக் கொடுத்தேன். அவர் அதை ஒரு தடவைதான் திருப்பிப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். பூஜை நாளில் மெஷின் ஓடியதைப் பற்றி எதிர் வீட்டு சார் வாசலில் நின்று முணுமுணுத்தபோது, கலா மூடிவைத்த தட்டை எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள்: "பொட்டு வெச்சாதாங்க ஆயுதம். அதுவரைக்கும் அது வெறும் மெஷின்தான்."

ஜோடி

திங்கட்கிழமை மஞ்சுளா மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். அங்கே நான் இல்லை, அன்வர் பாய் சொல்லித்தான் தெரியும். மேனேஜர் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தாராம். இரண்டும் கறுப்பு ஷூ, வலது கொஞ்சம் சின்னது. உள்ளே நடந்து காட்டச் சொன்னார். கடைசி மெஷின் வரை போய்த் திரும்பி வந்தாள். அவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாராம். அவ்வளவுதான் விழா.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கலாவும் பாய் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளும் வந்தாள், ஷூ போட்டுக்கொண்டு. குதிகால் பக்கம் லேசாக உரசுகிறது, அடுத்த ஜோடிக்குக் கட்டையில் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றாள். வாடிக்கையாளராகிவிட்டாள். கட்டையை எடுக்க பாய் உள்ளறையில் சுவர்ப்பக்கம் கை நீட்டினார். அங்கே வரிசையாகக் கட்டைகள் தொங்குகின்றன, எல்லாம் இரண்டிரண்டாக நூலால் கட்டியவை. கட்டையை ஒற்றையாக மாட்டுவது பாய்க்கு ஆகாது, அது அவர் பழக்கம். மஞ்சுளாவின் வலது கால் கட்டையோடு நான் தப்பாகச் செய்த அந்த இடது கால் கட்டையையும் சேர்த்துக் கட்டி மாட்டியிருந்தார். உடம்பில் இல்லாத ஒரு காலின் கட்டை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. அதை அவிழ்த்து அடுப்பில் போடுங்கள் பாய் என்றேன்.

மஞ்சுளா ஜோடியை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் சின்னது, இரண்டும் உள்பக்கம் திரும்பியது, ஒன்றுக்கொன்று அத்தனை பொருத்தம். வலது கட்டையைத் தடவினாள், இடதைத் தடவினாள். பாய் கத்தரிக்கோலை எடுத்தார். அவள் நூலின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "வேணாம் பாய், இருக்கட்டும். என் ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கறது இங்க மட்டுந்தான்."

எதிர் வீட்டு சார் மறுபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால், எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற மெஷினைத் தப்பான பக்கம் சுற்ற வைப்பது என் வேலை என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.